மலிவாகக் கிடைத்த வீடு

பேய் வீட்டுக் கதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1764இல் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை'யிலிருந்து தொடங்குவது வழக்கம். அதைவிடப் பழைய ஒரு கடிதத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டி வாழ்ந்த ரோமானியரான இளைய பிளினி, ஸூரா என்ற நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். இரவானால் அந்த வீட்டில் சங்கிலிச் சத்தம் கேட்கிறது. மெலிந்து, தாடி வளர்ந்த ஒரு கிழவரின் உருவம் கை கால்களில் விலங்கோடு நடமாடுகிறது. குடியிருந்தவர்கள் ஓடிப்போகிறார்கள். வீடு விற்பனைக்கு வருகிறது. வாடகைக்கும் கிடைக்கும் என்று அறிவிப்பு எழுதி மாட்டுகிறார்கள். அந்த ஊருக்கு வந்த அதெனோடோரஸ் என்ற தத்துவவாதி அதைப் படிக்கிறார். தொகை மிகக் குறைவாக இருப்பதுதான் அவருக்கு முதல் சந்தேகத்தைத் தருகிறது. விசாரிக்கிறார், உண்மை தெரிய வருகிறது. தெரிந்தபின் விலகிச் செல்லவில்லை; அதற்காகவே அந்த வீட்டை எடுத்துக்கொள்கிறார்.

மேலைநாட்டுப் பேய் வீட்டுக் கதையின் அத்தனை உறுப்புகளும் இந்தச் சிறு கடிதத்தில் இருக்கின்றன. ஆயினும் நம் கவனத்துக்குரியது சங்கிலிச் சத்தமல்ல, அந்த வாடகை. வீடு ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக இந்த வகைக் கதைகள் அனைத்தையும் இயக்கிவருவது இந்த ஒரே கேள்விதான். புது வீட்டுக்குக் குடிவரும் தம்பதி, அவர்களை நிம்மதியாக இருக்கவிடாத ஏதோ ஒன்று என்ற மிக எளிய சட்டகத்தை வைத்துக்கொண்டு குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திரைப்படங்களைப் பார்க்கும்போது, அவற்றில் பேயின் வரலாற்றோடு சேர்த்து வீட்டு உடைமையின் வரலாறும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த வரிசையில் முக்கியமானதென்று நான் கருதும் படம், ஓரன் பெலி என்பவர் தம் சொந்த வீட்டிலேயே எடுத்த 'பாரநார்மல் ஆக்டிவிட்டி'. அதற்குப் போகுமுன் சில படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

*

முதல் படி, தம்பதி. பழைய கதைகளில் பேய் வீட்டுக்குள் நுழைகிறவர் தனி மனிதர். அதெனோடோரஸைப் போலத் துணிவுள்ளவர். இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குக் கணவனும் மனைவியும் வந்து சேர்கிறார்கள். இந்த மாற்றத்தில் பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938இல் மேடையேறிய 'கேஸ் லைட்' நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1940இல் தோரல்ட் டிக்கின்ஸன் அதை இங்கிலாந்தில் படமாக்கினார். 1944இல் ஜார்ஜ் க்யூக்கர் ஹாலிவுட்டில் மறுபடியும் எடுத்தார். இரவில் விளக்கு மங்குகிறது. மூடிக்கிடக்கும் மேல்தளத்தில் காலடி கேட்கிறது. மனைவி சொல்வதையெல்லாம் கணவன் மறுக்கிறான். எல்லாம் உன் மனக்கோளாறு என்கிறான். உண்மையில் காலடியும் அவனுடையது, மங்கும் விளக்கும் அவன் வேலை. கண்ணால் கண்டதையே நம்ப முடியாதபடி ஒருவரை ஆக்கிவிடும் கொடுமைக்கு இந்த நாடகத்தின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதைத் தேர்ந்தெடுத்தது.

'கேஸ் லைட்'டில் பேயே கிடையாது. எனினும் பிற்காலப் பேய்ப்படங்களின் இலக்கணத்தில் பாதியை வகுத்தது அதுதான். வீட்டில் நிகழ்வது மனைவிக்கு முதலில் தெரிகிறது; அதை நம்பும் அதிகாரமோ கணவனிடம் இருக்கிறது. அச்சம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

இரண்டாம் படி, பணமின்மை. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு சிறு பிரிவை ஒப்படைத்தது. ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்குள் செலவு, 75 நிமிடத்துக்குள் நீளம், தலைப்பை நிறுவனமே கொடுக்கும் என்பவை நிபந்தனைகள். அப்படிக் கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று 'கேட் பீப்பிள்'. ழாக் தூர்னர் இயக்கிய அப்படமும் புதுமணத் தம்பதியைப் பற்றியதே. தன்னுள் ஒரு சிறுத்தை உறங்குகிறது, கணவன் தொட்டால் அது விழித்துக்கொள்ளும் என்று அஞ்சும் பெண்ணின் கதை. சிறுத்தையைக் காட்டப் பணமில்லை. எனவே நீச்சல் குளத்தின் சுவரில் அசையும் நிழலும் ஓர் உறுமலும் மட்டுமே காட்டப்பட்டன. காட்டாதது காட்டியதைவிட அதிகம் அச்சுறுத்தும் என்பது கலைக் கொள்கையாகப் பேசப்படுவதற்கு முன்பு கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்த ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

அதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றவர் வில்லியம் காஸில். 1959இல் அவர் எடுத்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்தில், ஒருவரையொருவர் வெறுக்கும் பணக்காரத் தம்பதி ஒரு பேய் வீட்டை வாடகைக்கு எடுத்து விருந்தினர்களை அழைக்கிறார்கள். இரவு முழுதும் தங்கி உயிரோடு இருப்பவர்களுக்குத் தலைக்கு 10,000 டாலர். படத்தின் உச்சகட்டத்தில் திரையரங்குக்குள்ளேயே கம்பியில் ஒரு எலும்புக்கூட்டைப் பறக்கவிட்டார் காஸில். லூட்டன் மறைத்துப் பயமுறுத்தினார் என்றால் காஸில் கூவி விற்றார். குறைந்த செலவுத் திகில் படத்தின் இரண்டு மரபுகள் இவை. இரண்டும் ஒரே படத்தில் சந்திப்பதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

*

இடையில் நடந்ததுதான் ஆமிட்டிவில் விவகாரம். இதைப் பற்றி எழுதும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் இங்கே செத்தவர்கள் உண்மையான மனிதர்கள்.

1974 நவம்பர் 13 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஆமிட்டிவில் என்ற ஊரில், ரொனால்ட் டிஃபியோ என்ற 23 வயது இளைஞன் தன் தாய், தந்தை, இரண்டு சகோதரிகள், இரண்டு சகோதரர்கள் ஆகிய அறுவரையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். 1975 டிசம்பரில் அந்தப் பெரிய வீட்டை ஜார்ஜ் லுட்ஸ், கேத்தலீன் லுட்ஸ் என்ற தம்பதி 80,000 டாலருக்கு வாங்கி மூன்று குழந்தைகளோடு குடியேறினார்கள். அவ்வளவு பெரிய வீட்டுக்கு அது மலிவான விலை. என்ன நடந்த வீடு என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 28 நாட்களில், உடைமைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள். 1977இல் ஜே ஆன்ஸன் இவர்களது அனுபவமாக எழுதிய 'தி ஆமிட்டிவில் ஹாரர்' என்ற நூல், உண்மைக் கதை என்ற முத்திரையோடு லட்சக்கணக்கில் விற்றது. 1979இல் ஸ்டூவர்ட் ரோஸன்பர்க் இயக்கிய திரைப்படம் வந்தது. சுமார் 47 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேல் வசூலித்தது.

அதே 1979இல், கொலைகாரனின் வழக்கறிஞராக இருந்த வில்லியம் வெபர் ஒரு செய்தியை வெளியிட்டார். பல மதுப் புட்டிகள் காலியான ஒரு சந்திப்பில், லுட்ஸ் தம்பதியும் தாமும் சேர்ந்து உருவாக்கிய கதை அது என்றார். லுட்ஸ் தம்பதி இறுதிவரை தம் கூற்றிலிருந்து மாறவில்லை. அடுத்து அந்த வீட்டை 55,000 டாலருக்கு வாங்கிய வேறொரு தம்பதி அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது பேயல்ல; வீட்டைப் பார்க்க அலையலையாக வந்த கூட்டம். அதற்காக அவர்கள் வழக்கே தொடர வேண்டியதாயிற்று. பிற்பாடு வீட்டு எண் மாற்றப்பட்டது. இரண்டு கண்களைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மேல்மாடி சன்னல்களும் மாற்றப்பட்டன. வீட்டையே வேடம் மாற்றி ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

ஸ்டீஃபன் கிங் 1981இல் எழுதிய 'டான்ஸ் மகாபர்' நூலில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கூர்மையான கருத்தைச் சொல்கிறார். இது அடிப்படையில் பொருளாதார நெருக்கடியைப் பற்றிய திகில் படம் என்பது அவர் வாதம். படத்தைத் திரும்பிப் பார்த்தால் அது சரியென்றே தோன்றுகிறது. மைத்துனனின் திருமண விருந்துக்காக வைத்திருந்த 1,500 டாலர் ரொக்கம் காணாமற்போகும் காட்சியில், சுவரில் வழியும் எதைக் காட்டிலும் உண்மையான பதற்றம் இருக்கிறது. பணவீக்கம் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்த எழுபதுகளின் அமெரிக்கா அது. சக்திக்கு மீறி வாங்கிய வீடு குடும்பத்தை விழுங்குகிறது என்பதற்கு வேறு உருவகம் தேவைப்படவில்லை.

ஆனால் கிங் தொடாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிளினியின் கடிதத்தில் பேய்க்கு ஒரு கோரிக்கை இருந்தது. நள்ளிரவில் எழுதிக்கொண்டிருந்த அதெனோடோரஸைக் கைகாட்டி அழைக்கிறது உருவம். சற்றுப் பொறு என்று சைகை செய்துவிட்டு எழுத்தைத் தொடர்கிறார் அவர். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு பின்தொடர்கிறார். முற்றத்தில் ஓரிடத்தில் உருவம் மறைகிறது. மறுநாள் அந்த இடத்தைத் தோண்டுகிறார்கள். சங்கிலியில் சிக்கிய எலும்புகள் கிடைக்கின்றன. முறைப்படி அடக்கம் செய்கிறார்கள், வீடு அமைதியடைகிறது. யாரோ ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதை அறிய முன்வந்த ஒரு மனிதன், செய்து முடித்த ஒரு கடமை. ஆமிட்டிவில் கதையிலோ கொல்லப்பட்ட அறுவர் எதையும் கேட்பதில்லை. அவர்கள் யார், என்ன விரும்பினார்கள் என்பதில் நூலுக்கும் அக்கறையில்லை, படத்துக்கும் அக்கறையில்லை. அவர்களுடைய சாவு அந்த வீட்டின் மதிப்பைக் குறைத்தது; கதையின் மதிப்பைக் கூட்டியது. அவ்வளவே.

*

இந்த விலைக் கணக்கு நீதிமன்றம் வரைக்கும் போனதுண்டு. நியூயார்க் மாநிலத்தின் நயாக் என்ற ஊரில் ஹட்ஸன் நதிக்கரையில் ஒரு வீடு. அதன் உரிமையாளரான ஹெலன் ஆக்லி தம் வீட்டில் ஆவிகள் இருப்பதாக 1977இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழிலும், உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் சொல்லியிருந்தார். பிற்பாடு வீட்டை 6,50,000 டாலருக்கு விற்க முற்பட்டபோது, வெளியூர்க்காரரான வாங்குபவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் 32,500 டாலர் முன்பணம் கொடுத்தபின் செய்தி தெரிந்து வழக்குத் தொடுத்தார். 'ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி' என்ற அவ்வழக்கில் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழிவிட்டது. ஆவி இருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் இறங்கவில்லை. ஊரறிய ஆவி இருப்பதாகப் பிரகடனம் செய்தவர் இப்போது இல்லையென்று மறுக்க முடியாது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அது பேய் வீடுதான் என்றது.

நகைப்புக்குரிய தீர்ப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம்மூரில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். அந்தச் சொத்தின்மேல் இதற்கு முன்பு யாருக்கு என்ன பாத்தியதை இருந்தது என்பதன் பதிவு அது. பேய் என்பதும் ஒருவகை வில்லங்கமே. பத்திரத்தில் ஏறாத, முன்னவர்கள் விட்டுச்சென்ற பாத்தியதை. நயாக் தீர்ப்பு செய்ததெல்லாம் அதைப் பத்திரத்தில் ஏற்றியதுதான்.

*

ஓரன் பெலி இஸ்ரேலில் பிறந்தவர். அமெரிக்காவில் கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதும் பணியில் இருந்தவர். திரைப்படக் கல்வி எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது, பழகாத வீட்டில் இரவுகளில் கேட்ட சிறு சத்தங்கள் அவர் மனத்தில் ஒரு யோசனையை விதைத்தன. தூங்கும்போது என்ன நடக்கிறதென்று ஒரு காமிராவை வைத்துப் பார்த்தால் என்ன? அந்த வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கினார். சுவர்களுக்கு வண்ணம் பூசினார், தரைவிரிப்பை மாற்றினார். கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் என்ற அறிமுகமற்ற இரண்டு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தார். கதாபாத்திரங்களுக்கும் அதே பெயர்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. சூழலைச் சொல்லிப் பேசவிட்டார். 2006இல் ஏழு நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. தொகுப்பும் வீட்டுக் கணினியிலேயே நடந்தது. செலவு சுமார் 15,000 டாலர். ஒரு நடுத்தரக் காரின் விலை.

படத்தில் நடப்பது மிகக் குறைவு. பகலில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், சண்டையிடுகிறார்கள். இரவில் படுக்கையறையின் மூலையில் முக்காலி மேல் நிற்கும் காமிரா அவர்கள் உறங்குவதைப் பதிவு செய்கிறது. சட்டகத்தின் இடப்பக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருண்ட நடைவழி. ஓரத்தில் ஓடும் கடிகார எண்கள். கதவு ஓர் அங்குலம் அசைகிறது. அவ்வளவுதான். காமிரா எதையும் நெருங்கிச் சென்று காட்டாதபோது பார்வையாளனே திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடத் தொடங்குகிறான். லூட்டனின் நிழலைவிடவும் மலிவான உத்தி இது. நிழல்கூடத் தேவையில்லை, தேடும் கண் போதும்.

ஆனால் படத்தின் வலு உத்தியில் மட்டும் இல்லை. இந்த வகைப் படங்களைப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்வி, இவர்கள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பது. ஆமிட்டிவில் படத்தில் அதற்கு விடை பணம். பெலி வேறொரு விடையைத் தருகிறார். வந்து பார்க்கும் நிபுணர், இது ஆவியல்ல என்கிறார். ஆவியென்பது இறந்த மனிதர்; இதுவோ என்றுமே மனிதராக இருந்திராத ஒரு தீயசக்தி. அது வீட்டைப் பற்றிக்கொள்ளவில்லை. கேட்டியைச் சிறுவயதிலிருந்தே பின்தொடர்கிறது. வீடு மாறினாலும் கூடவே வரும். பேய் வீட்டுக் கதையிலிருந்து வீட்டையே இது கழற்றிவிடுகிறது. புது வீடு, வில்லங்கமில்லாத வீடு, முன்பு யாரும் அங்கே சாகவில்லை. அப்படியும் நிம்மதியில்லை.

பிறகு மைக்கா. பங்குகளை வாங்கி விற்றுப் பணம் பார்க்கும் இளைஞன். பெரிய தொலைக்காட்சி, புதிய காமிரா என்று பொருட்களால் தைரியம் பெறுகிறவன். கேட்டி வேண்டாமென்று கெஞ்சியும் ஆவியோடு பேசும் பலகையை வீட்டுக்குள் கொண்டுவருகிறான். நிபுணரை அழைக்க மறுக்கிறான். இது தன் வீடு, இவள் தன் பெண், தானே பார்த்துக்கொள்வேன் என்ற தோரணை. அந்தத் தீயசக்தியின் நோக்கமும் அதுவேதான்: இவள் என்னுடையவள். ஒரு பெண்ணின்மேல் உரிமை கொண்டாடும் இரண்டு பேரில் ஒருவரைக் காமிரா காட்டுகிறது, மற்றவரைக் காட்டுவதில்லை. 'கேஸ் லைட்'டில் மனைவியை யாரும் நம்பவில்லை. இங்கே காமிராவில் சான்று பதிந்திருக்கிறது, மைக்காவும் நம்புகிறான். நம்பியும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. சான்று கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிற காலத்துக்கு இது சொல்லும் செய்தி கசப்பானது.

*

2007இல் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் படம் திரையிடப்பட்டது. பின்னர் அது ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய செலவில் மறுபடி எடுக்கலாமா என்ற பேச்சு நடந்தது. சோதனைத் திரையிடலில் பாதியில் எழுந்து போனவர்கள் படம் பிடிக்காமல் போகவில்லை, பயந்து போனார்கள் என்று தெரிந்தபின் அந்த எண்ணம் கைவிடப்பட்டதாகச் சொல்வார்கள். இறுதிக் காட்சி மாற்றப்பட்டது. 2009 செப்டம்பரில் பாரமவுண்ட் நிறுவனம் சில கல்லூரி நகரங்களில் மட்டும் நள்ளிரவுக் காட்சிகளாக வெளியிட்டது. எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று பார்வையாளர்களே இணையத்தில் கோர வேண்டும். பத்து லட்சம் கோரிக்கை வந்தால் நாடெங்கும் வெளியிடுவோம் என்றது. விளம்பரத்தில் படத்தைவிட இருட்டில் அலறும் பார்வையாளர்களின் முகங்களே அதிகம் காட்டப்பட்டன. லூட்டனின் சிக்கனமும் காஸிலின் கூவலும் ஒன்று சேர்ந்த இடம் இதுவே. வசூல் உலகம் முழுவதும் சுமார் 19 கோடி டாலர். 2021 வரை வரிசையில் ஏழு படங்கள் வந்துவிட்டன.

இந்த வெற்றியை விளம்பரத்தின் வெற்றியாக மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தேதிகளைக் கவனியுங்கள். படம் எடுக்கப்பட்ட 2006, அமெரிக்காவில் வீட்டு விலைகள் உச்சத்தைத் தொட்ட ஆண்டு. இரண்டே பேருக்கு இத்தனை அறைகளா என்று நாம் வியக்கும்படியான கேட்டியின் வீடு அந்தக் காலத்துக்கு உரியது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. படம் நாடெங்கும் ஓடிய 2009இல் லட்சக்கணக்கான குடும்பங்கள் அடமானக் கடன் தவணை கட்ட முடியாமல் வீடுகளை இழந்துகொண்டிருந்தன. கடுமையாக அடிபட்ட மாநிலங்களில் ஒன்று கலிஃபோர்னியா. தன் வீட்டுக்குள் தான் தூங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மாடிப்படியேறி வருகிறது. அதற்குத் தன்மேல் உரிமை இருக்கிறது. வீட்டை விட்டுப் போனாலும் அது விடாது. கடன்பட்டவர்களுக்கு இதைவிடத் துல்லியமாக அந்த இரவுகளைச் சொன்ன படம் வேறு இல்லை. பெலி இதைத் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. வீடு என்ற சொல்லுக்கு அந்த மூன்றாண்டுகளில் பொருள் மாறிவிட்டது; படம் மாறாமல் நின்று அந்தப் புதிய பொருளைப் பெற்றுக்கொண்டது.

குறையும் இல்லாமலில்லை. படத்தின் தொடக்கத்தில், கேட்டி, மைக்கா குடும்பங்களுக்கும் சான் டியேகோ காவல்துறைக்கும் நன்றி சொல்லும் ஒரு வரி வருகிறது. நடந்ததை நம்பவைக்கும் பழைய வித்தை அது; ஆமிட்டிவில் விற்ற அதே 'உண்மைக் கதை' முத்திரை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பெலியின் படத்துக்காக எந்த உண்மைச் சாவும் கடன் வாங்கப்படவில்லை. வாங்கியது ஒரு வீட்டின் சத்தங்களை மட்டும். அதுவும் அவர் சொந்த வீடு.

ஏதென்ஸ் வீட்டின் பேய்க்கு வேண்டியது அடக்கம். ஒரு மனிதன் அதன் பின்னால் நடந்து போனான், பிரச்சினை தீர்ந்தது. ஆமிட்டிவில்லில் அந்த அறுவருக்காக யாரும் பின்னால் நடக்கவில்லை. டிக்கெட் வாங்கி முன்னால் உட்கார்ந்தார்கள். சான் டியேகோ வீட்டில் தோண்டிப் பார்ப்பதற்கு எலும்புகளே இல்லை. அங்கே கேட்டியின் பேச்சைக் கேட்பது ஒன்றுதான் செய்திருக்கக்கூடியது. அதற்குச் செலவு எதுவும் ஆகியிருக்காது.